மொய் எழுதக்கூட மிச்சம் வைக்காத கொடை

பத்திரம் எழுதித் தருவது என் தொழில். சென்ற மாதம் ஓர் அம்மா வந்தார். வயது 74. மஞ்சள் பையிலிருந்து, தன் வீட்டை மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். "தம்பி, இதில் என் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். முதல் பக்கத்திலேயே இருந்தது, எழுதிக் கொடுப்பவர் என்று. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் அவருக்கென்று ஒன்றும் இல்லை. 'அன்பினாலும் பிரியத்தினாலும்', 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்', 'சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டேன்', 'எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்'. நான் படிக்கப் படிக்க ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

மகன் அவரைத் துரத்திவிடவில்லை. சோறு போடுகிறார், மாத்திரை வாங்கித் தருகிறார். தங்கை பேத்தியின் கல்யாணத்துக்கு 500 ரூபாய் மொய் எழுத வேண்டும் என்று மருமகளிடம் கேட்டிருக்கிறார். "உங்களுக்கு எதற்கு அத்தை தனி மொய்? அதுதான் நாங்கள் எழுதுகிறோமே" என்று பதில் வந்திருக்கிறது. வீடு அவர் பெயரில் இருந்தவரை மாடி வாடகை அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது. யார் வீட்டு விசேஷமானாலும் அவர் பெயரில் ஒரு மொய் இருக்கும். "கொடுத்தே பழகிய கை தம்பி" என்றார். வேறு எந்தக் குறையும் சொல்லவில்லை.

இந்த ஆண்டில் என்னிடம் வந்த இப்படிப்பட்ட ஏழாவது பத்திரம் அது. மற்ற ஆறு பேரின் நிலைமை இதைவிட மோசம். ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது இவருடைய 500 ரூபாய்தான்.

இருப்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் பெரிய மனது என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. தனக்கென்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பெரியவர்கள் கூசிப் போகிறார்கள். "பெற்ற பிள்ளைக்குப் போய் நிபந்தனையா? அன்புக்கு விலை பேசுவது போல் ஆகாதா?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆகாது. பத்து முறை கேட்டாலும் ஆகாது என்றுதான் சொல்வேன். 'என் ஆயுள்வரை இந்த வீட்டில் வசிக்கவும் வாடகையை அனுபவிக்கவும் எனக்கு உரிமை உண்டு, என்னைப் பராமரிக்க வேண்டும்' என்று எழுதினால், எப்படியும் பராமரிக்கப் போகிற பிள்ளைக்கு என்ன நட்டம்? அவன் செய்யப்போவதைத்தானே காகிதம் சொல்கிறது? அந்த வரியைப் பார்த்து முகம் சுளிக்கிற பிள்ளை ஒருவன் இருந்தால், அந்தச் சுளிப்பைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. நிபந்தனை இல்லாத பத்திரம் நல்ல பிள்ளையைக்கூட மெல்ல மெல்லக் கெடுக்கிறது. யாரும் எதுவும் கேட்க முடியாத இடத்தில் உட்கார வைத்தால், நாம் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறவர்கள்தான்.

அடுத்து 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் எனக்கு இவ்வளவு போதும் என்று சொல்வதற்கு அந்த 'இவ்வளவு' நம் கையில் இருக்க வேண்டாமா? ஒன்றுமே இல்லாமல் அடுத்தவர் கையை எதிர்பார்த்திருப்பதற்கு மனநிறைவு என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சட்டம் துணைக்கு வராதா என்றால், வரும், ஆனால் வழி நீளம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, 60 வயது நிறைந்தவர் தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். தமிழ்நாட்டில் மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அங்கும் பராமரிப்பதாக மகன் தனியாக எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று இருந்தது. ஒற்றை வரி இருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சம் என்று பாருங்கள்.

'பிடிக்காவிட்டால் ரத்துப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுத்தவரின் விருப்பம்போல் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று எழுதப்படும் தானமே செல்லாது என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். பராமரிக்கத் தவறினால் ரத்தாகும் என்று இன்ன காரணத்தைச் சொல்லி எழுதுவது வேறு.

பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது என்பதுதான் கவலையென்றால் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை, உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இப்போதே கொடுத்தாக வேண்டுமென்றால் வாழ்நாள் அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு கொடுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், அட்டை உங்கள் பெட்டியில் இருக்கட்டும். பத்திரத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் கைரேகை வைக்காதீர்கள், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றால் இன்னொரு நாள் வாருங்கள். பெரியவர் எழுதிக் கொடுக்க வரும்போது பிள்ளையைச் சிறிது நேரம் வெளியே உட்காரச் சொல்வது என் வழக்கம். கட்டணம் தருபவர் அந்தப் பிள்ளையாகவே இருந்தாலும் சரி. கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. அச்சடித்த மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றித் தரும் சக தொழில்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: எழுதிக் கொடுப்பவரிடம் 'உங்களுக்கு என்ன வைத்துக்கொள்கிறீர்கள்?' என்று ஒரு தடவை கேளுங்கள்.

அந்த அம்மா மகன் மேல் மனுப் போடச் சம்மதிக்கவில்லை. மகனைத்தான் கூப்பிட்டுப் பேசினேன். "அம்மாவுக்கு எதுவும் குறை வைக்கவில்லையே சார்" என்றார். அது உண்மைதான். மொய் விஷயத்தைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இனி மாடி வாடகையை அம்மாவின் கணக்கில் செலுத்தும்படி வாடகைதாரருக்கு என் மேசையிலேயே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேற்று அந்த அம்மா தொலைபேசியில் கேட்டார்: "கல்யாணம் முடிந்து இருபது நாளாகிவிட்டது தம்பி. இப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் மொய் நோட்டில் எழுதிக்கொள்வார்களா?"