அப்பாவின் பழைய .32 பிஸ்டல்: வாரிசு உரிமம் கைக்கு வருவதற்குள் எங்கெல்லாம் சிக்க வைப்பார்கள்

வீட்டில் பெரியவர் இறந்ததும் பாஸ்புக், பட்டா, இன்சூரன்ஸ் எல்லாம் தேடி எடுக்கிறோம். பீரோவில் துணி சுற்றி வைத்திருக்கும் பிஸ்டலை மட்டும் "காரியம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வழக்கு அங்கேதான் பிறக்கிறது. உரிமம் அப்பாவின் பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்தது. அதன் பிறகு வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டத்தின் 25(1B) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

ஆகவே முதல் வேலை டெபாசிட். 21-ஆம் பிரிவு "தேவையற்ற தாமதமின்றி" அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. வியாபாரியிடம் வாடகை கேட்பார்கள். ஆனாலும் அங்கேயே வையுங்கள். காவல் நிலைய மால்கானாவில் (ஒப்படைத்த பொருட்களை வைக்கும் அறை) மழைக்காலம் ஒன்று கடந்தால் பேரல் துருப்பிடித்துவிடும். பிஸ்டலைக் கையில் எடுத்துப் புறப்படுவதற்கு முன், "உரிமதாரர் இறந்துவிட்டார், துப்பாக்கியை இன்ன இடத்தில் ஒப்படைக்கப் போகிறோம்" என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் வாகனச் சோதனையில் மாட்டினால் அந்த நகல்தான் உங்களுக்குத் துணை.

ரசீதில் "ஒரு பிஸ்டல்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். ஏற்காதீர்கள். தயாரிப்பு, காலிபர் (.32 போன்ற குழல் அளவு), வரிசை எண், மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) எத்தனை, ரவுண்டு (தோட்டா) எத்தனை, தேதி எல்லாம் வேண்டும். உங்கள் முகவரியையும் எழுத்தில் கொடுங்கள். குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாத ஆயுதத்தை அரசு பறிமுதல் செய்யலாம். அதற்கு முன் 30 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் வர வேண்டும். அந்த நோட்டீஸ் இறந்தவரின் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினால், உங்களுக்குத் தெரியாமலேயே கோப்பு மூடப்படும்.

இனி வரிசை எண். பழைய உரிமப் புத்தகங்களில் மிக அதிகமாகத் தவறியிருப்பது இதுதான். கோல்ட் (Colt) கம்பெனியின் 1903 மாடல் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) கம்பெனி பெயரோடு 1897, 1903 என்று காப்புரிமைத் தேதிகள் பொறித்திருக்கும். உண்மையான வரிசை எண் ஸ்லைடில் இல்லை, ஃப்ரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப் பாகம்) இருக்கிறது. அந்தக் காலத்து எழுத்தர் கண்ணில் பட்ட எண்ணை எழுதியிருந்தால், துப்பாக்கியும் உரிமமும் ஒத்துப்போகாது. விண்ணப்பிக்கும் முன்பே வியாபாரியின் எழுத்துபூர்வ ஆய்வுக் குறிப்போடு திருத்தம் கேளுங்கள். விசாரணைக்கு வரும் எஸ்.ஐ. கண்டுபிடித்தால் அது உங்கள் மேல் சந்தேகமாக மாறும்.

துருவைப் போக்குகிறேன் என்று எமரி தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். எண் அழிந்தால், எதிராக நிரூபிக்கும்வரை வைத்திருப்பவரே அழித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

"இது ஆன்டிக் சார், லைசென்ஸே வேண்டாம்" என்று சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். 45-ஆம் பிரிவின் விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்குத்தான். ஃபயரிங் பின் உடைந்த பிஸ்டல், பின் மாற்றினால் சுடும். அதற்கு உரிமம் வேண்டும்.

யாருக்குக் கிடைக்காது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். 21 வயது நிரம்பாதவருக்கு இல்லை. ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இல்லை. 2019-இல் உச்சவரம்பு மூன்றிலிருந்து இரண்டானது, வாரிசுச் சொத்துக்கும் அதே கணக்கு. வரப்புத் தகராறில் சமாதான ஜாமீன் (அமைதி காப்பேன் என்ற உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: அந்த ஜாமீன் காலம் முடியும்வரை உரிமம் தர முடியாது. முடிந்த பிறகு, முடிந்ததற்கான ஆவணத்தோடு போங்கள். துப்பாக்கி .45 ஆகவோ ராணுவ 9 எம்.எம். ஆகவோ இருந்தால் அது தடைசெய்யப்பட்ட வகை. உள்துறை அமைச்சகம் வரை போகும் விஷயம் அது. கலெக்டர் அலுவலகத்தில் நடந்து பயனில்லை.

.32 என்றால் மாவட்டத்தில் கலெக்டர், கமிஷனரேட் நகரங்களில் போலீஸ் கமிஷனர். 2016 ஆயுத விதிகளின் ஏ-1 படிவம், இறப்புச் சான்று, தாசில்தாரின் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, டெபாசிட் ரசீது. வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் கடிதம் ஒன்றுக்காகவே பல கோப்புகள் மாதக்கணக்கில் நிற்கின்றன. அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

இங்கேதான் அலைக்கழிப்பு. "உயிருக்கு என்ன அச்சுறுத்தல்? எஃப்.ஐ.ஆர். இருக்கா?" என்பார்கள். அது புதிதாகத் துப்பாக்கி கேட்பவருக்கான கேள்வி. வாரிசுக்கு 25-ஆம் விதி தனி. தகுதி இருந்து, போலீஸ் அறிக்கையில் பாதகமான குறிப்பு இல்லை என்றால் போதும். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே "விதி 25-இன் கீழ் வாரிசு உரிமம்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் புது விண்ணப்பக் கட்டில் சேர்ந்துவிடும்.

அடுத்தது "போலீஸ் ரிப்போர்ட் வரலை." நிலையத்தில் கேட்டால் "அனுப்பிட்டோம்." போலீசுக்கு 30 நாள், அறிக்கை வந்த பின் உரிம அதிகாரிக்கு 60 நாள் என்று விதியே சொல்கிறது. அறிக்கை வராவிட்டாலும் முடிவெடுக்க அதிகாரிக்கு 13-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் பந்தாடப்படாமல், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள்: அறிக்கை கேட்ட தேதி, கடித எண், அனுப்பிய தேதி. மூன்றே கேள்வி. காணாமல் போன கோப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் மேசைக்கு வருகிறது.

"சொத்து மதிப்பு காட்டுங்க" என்றால், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்வதைக் காட்டுங்கள். வாய்மொழியாக "கிடைக்காது" என்று அனுப்பினால் நகராதீர்கள். எழுத்தில் ஆணை இருந்தால்தான் 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய முடியும். காலக்கெடு குறுகியது, ஆணை கிடைத்த நாளையே குறித்து வையுங்கள்.

அப்பா உயிரோடு இருக்கிறாரா? அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, இப்போதே அவர் விரும்பும் வாரிசுக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மேலே சொன்ன பாதிச் சிக்கல் வராது. அவருடைய உரிமத்தில் யு.ஐ.என். எண் (தனித்த அடையாள எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத உரிமம் செல்லாது.

உரிமம் வந்ததும் நேரே சுடப் போகாதீர்கள். உரிமத்தில் வெறுமனே ".32" என்றிருக்கும், கடையில் ரிவால்வர் தோட்டாவை எடுத்துத் தந்துவிடுவார்கள். ரிவால்வருக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., அதாவது 7.65 எம்.எம். ஒன்றுக்கொன்று பொருந்தாது. அப்பா விட்டுப்போன பழைய ரவுண்டுகளை வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ஒரே நேரத்தில் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை என்று உரிமத்தில் இரண்டு கணக்கு இருக்கும். இரண்டும் மீறக் கூடாது.

உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் ரசீதோடு கொடுத்து ரீகாயில் ஸ்பிரிங், மேகசின் ஸ்பிரிங் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி.பி. தோட்டாவின் அடியில் சின்ன விளிம்பு உண்டு. மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ஒன்றில் ஒன்று மாட்டி, நடுவில் அடைத்துக்கொள்ளும்.

கோல்ட் 1903-இல் ஹாமர் உள்ளே மறைந்திருப்பதால் காக் ஆகியிருப்பது (சுடத் தயாராக இழுபட்டு நிற்பது) வெளியே தெரியாது. அதன் பழைய தயாரிப்புகளில் மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) நிற்கும் ரவுண்டு சுடும். மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணால் பாருங்கள். ரைஃபிள் கிளப் ரேஞ்சில் மட்டும் சுடுங்கள். தோப்பிலும் கல்யாண வீட்டிலும் வேண்டாம். கொண்டாட்டத்துக்குச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் வரும்போது திரும்பவும் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போதும் அதே முழு ரசீது. பேரலுக்குள் எண்ணெய் விட்டுக் கொடுங்கள். முடிவு வந்ததும் நீங்களே எழுதிக் கேளுங்கள், அவர்களாகக் கூப்பிடமாட்டார்கள்.