பன்னாட்டு அலுவலர்: சொல் விளக்கம்

உலக மரபுச் சின்னங்களை அறிவிக்கும் உலக மரபுக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தைப் பற்றிய செய்தி தமிழில் வெளிவரும்போது, அங்கே பேசியவர் எவராயினும் 'யுனெஸ்கோ அதிகாரி' என்றே பெரும்பாலும் குறிக்கப்படுகிறார். ஆனால் அந்த அவையில் இருப்போர் ஒரே வகையினர் அல்லர். வாக்குரிமை பெற்ற 21 நாடுகளின் பேராளர்கள் தத்தம் அரசின் குரலாக வந்திருப்பவர்கள். அவர்களுட் பலர் தூதரகப் பணியில் இருப்பவர்கள். பண்பாட்டுச் சின்னங்களை மதிப்பிட்டு அறிக்கை தரும் ஐகோமாஸ், 1965இல் தோன்றிய, அரசு சாராத வல்லுநர் அமைப்பு. கோப்புகளை ஆயத்தம் செய்து, கூட்டத்தை நடத்தித் தந்து, முடிவுகளைச் செயற்படுத்தும் செயலகத்தாரே யுனெஸ்கோவின் பணியாளர்கள். இந்த மூன்றாம் வகையினரைக் குறிக்கும் சொல்லே இங்கு ஆராயப்படுகிறது. ஆங்கிலத்தில் 'இன்டர்நேஷனல் அஃபிஷியல்' என்றும் 'இன்டர்நேஷனல் சிவில் சர்வன்ட்' என்றும் வழங்கும் இப்பெயர், தமிழில் சர்வதேச அதிகாரி, அனைத்துலக அலுவலர், பன்னாட்டுக் குடிமைப் பணியாளர் எனப் பல வடிவங்களில் எழுதப்படுகிறது. இவற்றுள் எது பொருந்தும் என்பதைச் சொல்லின் பொருளையும் வரலாற்றையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

அரசுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நிறுவப்பட்ட ஓர் அமைப்பினால் அமர்த்தப்பட்டு, அவ்வமைப்புக்கு மட்டுமே பொறுப்புடையவராய், வெளியிலுள்ள எந்த அரசிடமிருந்தும் கட்டளை பெறாமல் பணியாற்றுபவர் என்பது இச்சொல்லின் பொருள். ஐ.நா. சாசனத்தின் 100ஆம் உறுப்பு இதனை இரு பக்கமும் கட்டுகிறது. செயலகத்தார் எந்த அரசிடமும் கட்டளை கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது என்கிறது முதற்பகுதி. உறுப்பு நாடுகள் அவர்கள்மீது செல்வாக்குச் செலுத்த முயலக் கூடாது என்கிறது இரண்டாம் பகுதி. ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே அளவுகோல் அன்று. இளநிலைத் தொழில்முறை அலுவலர்கள் பலருடைய செலவை அவரவர் நாட்டு அரசே ஏற்கிறது. ஆயினும் பணிக்காலத்தில் அவர்கள் அமைப்பின் சொல்லுக்கே கட்டுப்பட்டவர்கள். கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதே உண்மையான அளவுகோல்.

'இன்டர்நேஷனல்' என்ற சொல்லுக்குப் பிறந்த ஆண்டும் பெற்றவர் பெயரும் தெரியும். ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம், 1789இல் வெளியிட்ட தம் நூலில், 'நாடுகளின் சட்டம்' என்று அதுவரை வழங்கிய துறைப்பெயர் தெளிவில்லாதது என்று கருதி, நாடுகளுக்கு இடையிலான சட்டம் என்ற பொருளில் இதனைப் புதிதாக ஆக்கினார். ஆகவே சொல்லின் அடிப்படை 'இடை' என்பதே. 'சர்வதேச' என்பதிலும் 'அனைத்துலக' என்பதிலும் எல்லா நாடுகளும் அடங்கிவிடுகின்றன. மூன்று நாடுகள் சேர்ந்து அமைத்த ஆற்று நீர் ஆணையத்தின் அலுவலருக்கும் இப்பெயர் உரியது என்பதால் அவை அளவுக்கு மிஞ்சுகின்றன. 'பன்னாட்டு' என்பதில் அந்த மிகை இல்லை. ஆனால் அதற்கு வேறொரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 'பன்னாட்டு நிறுவனம்' என்றால் பல நாடுகளில் கிளை பரப்பிய வணிக நிறுவனம் என்றே மக்கள் கொள்கிறார்கள். சட்டத்துறையில் 'பன்னாட்டுச் சட்டம்', 'பன்னாட்டு நீதிமன்றம்' என்பன நிலைபெற்றுவிட்டதால் இந்தச் சிக்கலைச் சூழலே தீர்த்துவிடும் என்பது என் கருத்து. 'பன்னாட்டு' என்பதை 'அமைப்பு', 'அலுவலர்' ஆகிய சொற்களோடு சேர்த்து எழுதினால் வணிகப் பொருள் விலகிவிடும்.

பெயரின் இரண்டாம் சொல்லுக்கு வருவோம். 'அஃபிஷியல்' என்பதன் வேர், கடமை என்னும் பொருளுடைய 'ஒஃபிக்கியும்' என்ற இலத்தீன் சொல். நாம் பழகிய 'அதிகாரி'யோ அதிகாரத்தை முன்வைக்கிறது. சோழர் கல்வெட்டுகளிலேயே அதிகாரி என்பது அரசன் தந்த ஆணையுரிமை உடையவரின் பெயர். அப்பொருள் இன்றும் மாறவில்லை. பன்னாட்டு அமைப்பில் பணிபுரிபவருக்கு ஆள்வதற்கு நிலமும் இல்லை, குடிகளும் இல்லை. ஓர் உறுப்பு நாட்டுக்கு அவர் ஆணையிட முடியாது. அவரிடம் உள்ளது பணி. ஆகவே, வேலை என்னும் பொருள்படும் 'அலுவல்' என்பதிலிருந்து பிறந்த 'அலுவலர்', மூலச்சொல்லின் கடமைப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. இலங்கைத் தமிழில் அரசுப் பதவிப் பெயர்களில் வழங்கும் 'உத்தியோகத்தர்' என்பதும் இதே பொருளைத் தரக்கூடியது.

'சிவில் சர்வன்ட்' என்ற தொடர், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைவீரர் அல்லாத ஊழியரைப் பிரித்துக் காட்டப் பயன்படுத்திய வழக்கிலிருந்து பரவியது. இந்தியாவில் அதற்குக் 'குடிமைப் பணி' என்ற தமிழாக்கம் ஊன்றிவிட்டது. ஒரு நாட்டின் பணிக்கு அது பொருந்தும். குடி என்பது ஒரு நாட்டோடு பிணைந்த சொல். எந்த நாட்டின் குடியுரிமையையும் பணியின் அடிப்படையாகக் கொள்ளாத ஒருவருக்குக் 'குடிமைப் பணியாளர்' என்று பெயரிடுவது முரண். 'பொதுப்பணியாளர்' என்று மாற்றலாமா என்றால், அது பொதுப்பணித் துறையை நினைவூட்டுகிறது. இரண்டும் வேண்டாம்.

இச்சொல்லைத் தூதரிடமிருந்து பிரித்து உணர்வதே மிக முக்கியம். 'டிப்ளமட்' என்பதன் மூலம், இரண்டாக மடித்த ஆவணத்தைக் குறித்த 'டிப்ளோமா' என்ற கிரேக்கச் சொல். அரசர் தந்த மடித்த ஏட்டைக் குறித்த சொல், பின்னர் அரசுகளுக்கிடையிலான ஆவணங்களுக்கும், 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அந்த ஆவணங்களைக் கையாளும் தொழிலுக்கும் பெயராயிற்று. தமிழில் இதற்கு 'இராஜதந்திரி' என்பது பரவலாக வழங்குகிறது. வடமொழியில் ஆட்சிநெறியைச் சுட்டிய 'தந்திரம்' இன்றைய தமிழில் சூழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. ஒரு நாட்டின் முழுப் பணித்துறையையும் அப்படி அழைப்பது நேர்மையாகப் படவில்லை. தூது, தூதர், தூதாண்மை என்ற பழஞ்சொற்கள் நம்மிடம் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

தூதின் இலக்கணத்தைக் குறள் பத்துப் பாக்களில் தருகிறது. அதன் கடைசிப் பா, 'இறுதி பயப்பினும் எஞ்சாது இறைவற்கு உறுதி பயப்பதாம் தூது' என்கிறது. தன் உயிருக்கே முடிவு வரினும் குறையாமல் சொல்லித் தன் வேந்தனுக்கு நன்மை தேடுபவன் தூதன். அனுப்பிய ஒருவன் இருக்கிறான். அவனுக்கு நன்மை செய்வதே அறம். பன்னாட்டு அலுவலருக்கோ அப்படி ஒரு வேந்தன் இல்லை. தூதர் ஒருவர் தம் நாட்டு நலனை மறந்தால் அது குற்றம். பன்னாட்டு அலுவலர் தம் நாட்டு நலனை நினைத்துச் செயற்பட்டால் அது குற்றம். இவ்வளவு எதிரான இரண்டு கடமைகளை ஒரே சொல்லில் அடக்க முடியாது.

இந்தப் பிரிவு 1919இல்தான் உறுதியாயிற்று. அதற்கு முன்பும் 1865இன் தந்தி ஒன்றியம், 1874இன் அஞ்சல் ஒன்றியம் போன்றவற்றுக்கு அலுவலகங்கள் இருந்தன. ஆனால் அவற்றின் அலுவலகங்களைச் சுவிட்சர்லாந்து அரசே மேற்பார்த்தது. ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் தோன்றியபோது, ஒவ்வொரு நாடும் தன் ஊழியரை அனுப்பித் தன் பகுதியை நடத்தும் கூட்டுச் செயலகமே போதும் என்ற கருத்து வலுவாக இருந்தது. முதற் பொதுச் செயலாளரான எரிக் டிரம்மண்ட் அதை ஏற்கவில்லை. பிரித்தானிய வெளியுறவுத் துறையில் வளர்ந்த அவர், பல நாட்டினர் ஒரே தலைமையின் கீழ்ப் பணியாற்றும் ஒற்றைச் செயலகத்தை அமைத்தார். பதவியேற்றவர் அந்தக் காலத்துக்குத் தம் நாட்டின் ஊழியர் அல்லர், சங்கத்தின் ஊழியர் மட்டுமே என்று 1920இல் பிரித்தானிய அரசியலர் பால்ஃபரின் அறிக்கை வரையறுத்தது. நாம் தேடும் சொல்லின் பொருள் அந்த வரியில்தான் முழுமை பெற்றது.

அந்தச் செயலகத்தில் பணியாற்றிய சுவீடன் நாட்டவரான ஓக்கே ஹமர்ஷால்டின் வாழ்க்கை இத்துறையின் போக்கைக் காட்டுகிறது. அவர் 1922இல், இன்றைய பன்னாட்டு நீதிமன்றத்துக்கு முன்னோடியான நிலையான பன்னாட்டு நீதிமன்றத்தின் முதற் பதிவாளரானார்; 1936இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். பதிவாளர் நீதிமன்றத்தின் அலுவலர். நீதிபதி அலுவலர் அல்லர். நீதிபதியும் எந்த நாட்டின் பேராளரும் அல்லர் என்றாலும், அவர் தேர்ந்தெடுக்கப்படுபவர், எவருடைய நிருவாகக் கட்டளைக்கும் உட்படாதவர். ஒரே மனிதர் இரண்டு பதவிகளிலும் இருந்தார் என்பதற்காகப் பெயர்களை ஒன்றாக்கிவிடலாகாது. தென்னாப்பிரிக்கத் தமிழரான நவநீதம் பிள்ளை ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்திலும் பின்னர் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலும் இருந்தபோது நீதிபதி. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையராக இருந்தபோது பன்னாட்டு அலுவலர்.

ஓக்கேயின் தம்பி டாக் ஹமர்ஷால்ட் இச்சொல்லுக்காகவே வாதாட நேர்ந்தது. அவருக்கு முன் ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ட்ரிக்வே லீ காலத்தில், பொதுவுடைமைத் தொடர்பு பற்றிய அமெரிக்க விசாரணைக் குழுக்களின் கேள்விகளுக்கு விடை தர மறுத்த அமெரிக்க ஊழியர் பலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஐ.நா.வின் நிருவாகத் தீர்ப்பாயம் அவர்களுட் சிலருக்கு இழப்பீடு வழங்கியது. அதைக் கொடுக்கப் பொதுப்பேரவை தயங்கியது. தீர்ப்பாயத்தின் முடிவை மறுக்கும் உரிமை பேரவைக்கு இல்லை என்று 1954இல் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது. ஒரு பக்கத்து நெருக்கடி அது. மறுபக்கத்து நெருக்கடி 1960இல் வந்தது. பொதுச் செயலாளர் பதவியை மேற்கு, சோவியத், நடுநிலை ஆகிய மூன்று அணிகளின் சார்பில் மூவர் அடங்கிய குழுவாக மாற்ற வேண்டும் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் பேரவையில் கோரினார். நடுநிலை மனிதர் எவரும் இல்லை என்பது அவர் வாதம். 1961 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் ஹமர்ஷால்ட் இதற்கு விடையளித்தார். அலுவலருக்குச் சொந்தக் கருத்தே இருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அக்கருத்துகள் தம் பணியைத் திசைதிருப்ப விடாமல் காக்கும் நேர்மை வேண்டும் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில், கொங்கோ நெருக்கடிக்குத் தீர்வு தேடிச் சென்ற வழியில், இன்றைய சாம்பியாவிலுள்ள எண்டோலா அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார்.

சட்டம் இச்சொல்லைச் சற்று விரித்தும் வைத்திருக்கிறது. 1948இல் ஐ.நா. நடுவர் பெர்னடோட் எருசலேமில் கொல்லப்பட்டபின், அமைப்பு தன் சார்பில் இழப்பீடு கோரலாமா என்ற கேள்வி எழுந்தது. கோரலாம் என்ற பன்னாட்டு நீதிமன்றம், 1949ஆம் ஆண்டுக் கருத்துரையில், ஊதியம் பெறுபவரோ அல்லரோ, அமைப்பு எவர் வழியாகச் செயற்படுகிறதோ அவரெல்லாம் அதன் 'ஏஜென்ட்' என்றது. இதற்கு 'முகவர்' என்பது தகும். பன்னாட்டு அலுவலர் எல்லோரும் முகவர். முகவர் எல்லோரும் அலுவலர் அல்லர். மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசாமி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நீதித்துறையின் தற்சார்பு பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக அவர் அளித்த செவ்விக்காக மலேசிய நீதிமன்றங்களில் அவர்மீது வழக்குகள் தொடரப்பட்டன. அவர் ஐ.நா.வின் ஊழியர் அல்லர். எனினும் அப்பணியில் சொன்ன சொற்களுக்கு அவருக்கு விலக்குரிமை, அதாவது வழக்குக்கு உட்படாத காப்பு, உண்டு என்று 1999இல் நீதிமன்றம் கருத்துரைத்தது.

விலக்குரிமையிலும் தூதருக்கும் அலுவலருக்கும் வேறுபாடு உண்டு. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி தூதரின் உடலே எவரும் தீண்டக் கூடாதது. ஏற்கும் நாடு அவரைக் கைது செய்ய முடியாது. 1946ஆம் ஆண்டின் ஐ.நா. சிறப்புரிமை உடன்படிக்கையோ பெரும்பாலான அலுவலர்களுக்குப் பணியின்போது சொன்னவற்றுக்கும் செய்தவற்றுக்கும் மட்டுமே காப்பளிக்கிறது. மிக உயர்ந்த பதவியினருக்கே தூதருக்கு நிகரான உரிமை. அது அமைப்பின் நலனுக்காகத் தரப்படுவது. நீதிக்குத் தடையாகும்போது பொதுச் செயலாளர் அதை விலக்கிவிடலாம்.

பண்பாட்டுத் துறையில் இச்சொல் தமிழருக்கு அந்நியமானது அன்று. வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசையா 1963 முதல் 1970 வரை யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். அவர் அங்கே இந்தியாவின் பேராளர் அல்லர். அசுவான் அணையால் மூழ்கவிருந்த நூபியக் கோயில்களைக் காக்க 1960இல் யுனெஸ்கோ விடுத்த அழைப்பின் பயனாக, அபு சிம்பெல் கோயில்கள் 1964க்கும் 1968க்கும் இடையில் அறுத்தெடுக்கப்பட்டு மேட்டில் மீண்டும் எழுப்பப்பட்ட காலமும் அவர் பணிக்காலமே. கோயில் எகிப்தினுடையது, பொறியாளர்கள் பல நாட்டினர், பணம் பல அரசுகள் தந்தது. இவற்றை ஒன்றாக இணைத்து நடத்திய பணியே அலுவல். சட்டமும் பண்பாடும் ஒரே வழக்கில் சந்தித்ததும் உண்டு. மாலி நாட்டிலுள்ள திம்பக்துவின் சமாதிக் கட்டடங்களை இடித்த குற்றத்துக்காக அகமது அல் மகதிக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. அவ்வழக்கை நடத்திய வழக்குத்தொடுநர் அலுவலகத்தாரும் வெளியார் கட்டளை பெறக் கூடாதவர்களே; அவர்களும் பன்னாட்டு அலுவலரே.

ஆகவே பொதுப்பெயராகப் 'பன்னாட்டு அலுவலர்' என்பதையே வழங்கலாம்; வணிக நிறுவன ஊழியரோடு மயங்கக்கூடிய இடத்தில் மட்டும் 'பன்னாட்டு அமைப்பின் அலுவலர்' என்று விரித்து எழுதலாம். அரசால் அனுப்பப்பட்டவரைத் தூதர் அல்லது பேராளர் என்றும், அலுவலராக அல்லாமல் அமைப்புக்காகச் செயற்படுபவரை முகவர் என்றும் பிரித்து எழுத வேண்டும்.

இவ்வலுவலர்களின் தலைவரைத் தமிழ்நாட்டில் 'பொதுச் செயலாளர்' என்கிறோம். இக்கட்டுரையிலும் அதுவே ஆளப்பட்டது. இலங்கையில் 'செயலாளர் நாயகம்' என்கிறார்கள். முன்னது கட்சிப் பதவியையும் நினைவுக்குக் கொண்டுவருகிறது. பின்னதற்கோ, அரசாணைகளை எழுதியோரின் தலைவரை 'ஓலைநாயகம்' என்று குறித்த சோழர் கால ஆட்சிமொழியின் சாயல் இருக்கிறது. சாசனத்தின் 97ஆம் உறுப்பு அவரை அமைப்பின் தலைமை நிருவாக அலுவலர் என்றே குறிப்பதால், இலங்கை வழக்கைத் தமிழ்நாட்டாரும் ஏற்றுக்கொள்வது நல்லது.