ஆடியோ இன்டர்ஃபேஸ்: தமிழில் ஒலி இடைமுகம்

மைக்கையோ இசைக்கருவியையோ மடிக்கணினியோடு சேர்க்கும் சிறு பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னலையைப் பெருக்கி, எண்களாக்கி, யூஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்பும். கணினி திருப்பித் தரும் எண்களை மறுபடி மின்னலையாக்கி ஹெட்ஃபோனுக்குக் கொடுக்கும். மேசைக் கணினிக்குள் செருகும் அட்டை இதே வேலையைச் செய்தபோது அதற்குச் சவுண்ட் கார்டு என்று பெயர். வெளியே பெட்டியாக வந்த பிறகும் பலர் வாயில் அந்தப் பெயர்தான்.

ஆடியோ என்றால் லத்தீனில் 'நான் கேட்கிறேன்'. இன்டர்ஃபேஸும் லத்தீன் வேர்களில் பிறந்ததே: 'இன்டர்' இடையே என்பதையும் 'ஃபேஸ்' முகத்தையும் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் அறிவியலாளர்கள், எண்ணெயும் நீரும் போல இரு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பை அப்படி அழைத்தார்கள். கணினித் துறை அதைப் பின்னாளில் எடுத்துக்கொண்டது.

தமிழில் இடைமுகம். பார்வைக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுபோல் இருக்கும். ஆனால் முகம் என்றால் வாயில், சேருமிடம் என்ற பொருளும் நம்மிடம் உண்டு. துறைமுகம் அப்படி வந்தது. ஆறு கடலில் கலக்கும் கழிமுகமும் அப்படியே. ஆகவே 'ஒலி இடைமுகம்' தயங்காமல் புழங்கத்தக்க சொல். 'ஒலி அட்டை' உள்ளே செருகுவதற்கு மட்டுமே பொருந்தும். 'ஒலி இணைப்பி' என்றால் கம்பியின் முனையோ என்று குழப்பும்.

வாங்கும்போது இரு பக்கமும் பார்க்க வேண்டும். முதலில் கருவிப் பக்கம். மிருதங்கத்தின் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் தனித்தனி மைக் வைக்க விரும்பினால் இரண்டு மைக் உள்ளீடுகள் தேவை. மின்சாரம் ஊட்டினால்தான் இயங்கும் கண்டென்சர் மைக் என்றால், மைக் கம்பி வழியே பெட்டியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேண்டம் பவர் இருக்க வேண்டும். வீணையில் ஒட்டி அதன் அதிர்வை மின்னலையாக்கும் பீசோ பிக்கப்பை 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-ஸீ' (Hi-Z) என்று குறித்த உள்ளீட்டில்தான் செருக வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் மந்தர ஸ்தாயி வற்றி, நாதம் மெலிந்துவிடும்.

கணினிப் பக்கத்தில் முக்கியம் டிரைவர், அதாவது பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். விண்டோஸ் என்றால் ஸ்டைன்பெர்க் என்ற இசை மென்பொருள் நிறுவனம் வகுத்த ஆசியோ (ASIO) முறையில் அந்தப் பெட்டிக்கென்றே எழுதிய டிரைவர் உண்டா என்று பாருங்கள். மேக்கில் அந்த வேலைக்குக் கோர் ஆடியோ உடன் வருகிறது. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, அதாவது 48,000 மாதிரிகளில், பதியும்போது பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை) 128 என்றால் ஒரு வழித் தாமதம் ஏறத்தாழ 2.7 மில்லிநொடி, 1,024 என்றால் 21க்கு மேல். குரல் போய்த் திரும்புவதற்குள் இந்தத் தாமதம் இரட்டிப்பாகும்; பஃபர் பெரிதென்றால் பாடுபவருக்குத் தாளம் நழுவும். 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் உள்ள பெட்டியில் பாடகர் தம் குரலைக் கணினிக்குப் போகாமலே கேட்கலாம். நேரடிக் கேட்பு எனலாம்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுப் பதிவுக்கு, மாதிரி ஒவ்வொன்றையும் 24 பிட் நுணுக்கத்தில் பதியும் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) தாராளம்.