மழை விட்ட பிறகு மலை ஏன் சரியுது?

குன்னூர்ப் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சார், மழை கொட்டுறப்ப தாங்கி நின்ன மேடு, மறுநாள் வெயில் அடிக்கிறப்ப சரியுதே, எப்படி?" ரொம்ப நல்ல கேள்வி.

புவியீர்ப்பு என்னைக்கும் ஒரே மாதிரிதான் இழுக்குது. சரிவுல கிடக்குற மண்ணோட எடையில ஒரு பங்கு அதைக் கீழ இழுக்கும், இன்னொரு பங்கு அடியில இருக்குற பாறையோட சேர்த்து அழுத்தும், அந்த அழுத்தத்துலதான் உராய்வு வருது, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். காய்ஞ்ச மணலைக் கொட்டுனா 30, 35 டிகிரி சாய்வு வரைக்கும் குவிஞ்சு நிக்கும்.

தண்ணி சேர்ந்தா மண்ணு கனமாகி வழுக்கிடும்னு நிறைய பேர் சொல்வாங்க. கனமாகுறது நிஜம், ஆனா நடக்குறது அதைவிட அழகான விஷயம். டீக்கடையில ஈரமா கழுவுன டம்ளர்ல சூடா டீ ஊத்தி ஈர மேஜையில வச்சா யாரும் தொடாமலே மெல்ல நகரும், பாத்திருப்பீங்க. டம்ளருக்கு அடியில இருக்குற குழியில மாட்டிக்கிட்ட காத்து சூட்டுல விரியப் பாக்குது, விளிம்பைச் சுத்தியிருக்குற தண்ணி அதை வெளிய விடல, அதனால காத்து டம்ளரை லேசா தூக்கிப் பிடிக்குது. டம்ளரோட எடை குறையல, மேஜையோட சாய்வும் மாறல, ஆனா எடையில ஒரு பகுதியைக் காத்து சுமக்குறதால விளிம்பு மேஜையை அழுத்துறது குறைஞ்சு உராய்வு விட்டுப்போகுது.

மலைக்குள்ள அந்த வேலையைத் தண்ணி செய்யுது. மண் துகளுக்கு நடுவுல இருக்குற இடுக்கெல்லாம் நிரம்பிடுச்சுன்னா, மேல இருக்குற மண்ணோட பாரத்துல ஒரு பங்கைத் தண்ணியே தாங்கிக்கும், துகளும் துகளும் ஒண்ணையொண்ணு அழுத்துறது பாதியாகிடும், கீழ இழுக்குற விசை மட்டும் குறையாது. 35 டிகிரியில நின்ன அதே மணல், முழுக்க ஊறி உள்ளுக்குள்ளயே தண்ணி சரிவோட ஓடுச்சுன்னா 20 டிகிரிக்குக் கீழயே நழுவும்! இதை 1920-கள்ல கணக்கா எழுதுனவர் கார்ல் டெர்சாகிங்கிற பொறியாளர். மண்ணைப் பத்தி இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

இப்ப வாசகரோட கேள்விக்கு வர்றேன். நீலகிரியில கெட்டியான சார்னோகைட் பாறை மேல மக்கிப்போன செம்மண் தடிமனா கிடக்கு, மேல விழுந்த மழை அதுக்குள்ள மெதுவாத்தான் இறங்கும், பாறையைத் தொட்டதும் போக வழியில்லாம அங்கயே தேங்கும். அதனால வானம் வெளுத்த பிறகும் அடியில அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கலாம். 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, அப்ப நீலகிரியில நடந்த நிலச்சரிவுகள்ல 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க. தெய்வ குத்தம்னு அப்ப சொன்னவங்களும் உண்டு. சாமி கும்பிடுறதுல தப்பே இல்ல, ஆனா காரணத்தை அதோட மூடிட்டா அடுத்த மழையிலயும் உயிர் போகும். சரிஞ்ச பிறகு சுவர் கட்டுற காசுல கொஞ்சத்தை எடுத்து, சரிவுகள்ல துளை போட்டு உள்ள இருக்குற நீர் அழுத்தத்தை அளக்குற கருவி வைக்கணும்னு நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

உங்க வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச் சுவர் இருந்தா அதுல நீட்டிக்கிட்டு இருக்குற பிவிசி குழாய்களைப் பாருங்க, சுவருக்குப் பின்னாடி சேர்ற தண்ணி வடியத்தான் அது. மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் சொட்டுதுன்னா உள்ள இன்னும் வடிஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அடைமழையிலயும் ஒரு சொட்டு வரலன்னா வேரோ மண்ணோ அடைச்சிருக்கலாம், வெயில் நாள்லயே ஒரு கம்பி விட்டுக் குத்தி எடுத்துடுங்க.