பொம்மை என்று பொய் சொல்லிக் கடத்திய ஆமை

லண்டன் உயிரியல் பூங்காவில் இருக்கும் பெருந்தலை ஆமையைப் பார்ப்பவர்கள் முதலில் வியப்பது அதன் தலையைத்தான். ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பெரிய தலை. அதனால் தலைக்கே கெட்டியான ஒரு கவசம் உண்டு. வாலும் ஏறக்குறைய உடம்பு நீளத்துக்கு இருக்கும். அந்த வியப்பு அடங்குமுன் அதன் கதையையும் சொல்லிவிடுகிறார்கள்: பொம்மை என்று பொய்யாக எழுதி கனடாவுக்கு அனுப்பப்பட்ட பார்சலில் பிடிபட்ட உயிர் இது.

கடத்தல்காரர்களுக்கு ஊர்வன மீது ஏன் இத்தனை கண்? விடை அவற்றின் உடலியலிலேயே இருக்கிறது. பறவையும் பாலூட்டியும் உடல் சூட்டைக் காக்க ஓயாமல் சாப்பிட்டாக வேண்டும். ஆமைக்குச் சூடு வெயிலிலிருந்து கிடைக்கிறது. அதனால் தீனியில்லாமல் பல நாள் தாங்கும். கிளியைப் போலக் கத்திக் காட்டியும் கொடுக்காது. கால்களை ஓட்டோடு சேர்த்து டேப் சுற்றி, துணிகளுக்கு நடுவே அடுக்கிவிடுகிறார்கள். வறட்சியைத் தாங்கப் பரிணாமம் கொடுத்த வரமே சூட்கேஸுக்குள் அதற்கு வினையாகிறது. நசுங்கியும் நீர் வற்றியும் வழியிலேயே சாகிறவையும் உண்டு.

சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடும் நட்சத்திர ஆமைக்கும் இதே கதிதான். கறுப்பு ஓட்டில் விரியும் மஞ்சள் கோடுகள் காய்ந்த புல்லுக்கிடையே அதை மறைக்கின்றன. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் அந்தக் கோடுகளுக்காகவே விலை ஏறுகிறது. இதன் பன்னாட்டு வணிகத்துக்கு 2019-ல் சைட்டிஸ் (அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாடு தடை விதித்தது.

மீட்டதைக் காட்டில் விட்டுவிட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். தென்னிந்திய நட்சத்திர ஆமையும் வடமேற்கு இந்திய நட்சத்திர ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை. எங்கே பிடித்தது என்று தெரியாமல் விட்டால் இரண்டும் கலந்துவிடும்; அந்தக் கலப்பைப் பிறகு நீக்க முடியாது. நெரிசலில் தொற்றிய நோயும் காட்டுக்குள் போகும். அதனால்தான் மீட்கப்பட்ட பல ஆமைகள் திரும்பிப் போக முடியாமல் கூண்டுகளிலேயே தங்கிவிடுகின்றன. இவற்றைக் காட்டும் உயிரியல் பூங்காக் காட்சிக்கூடம் இதை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

ஆமையைப் பார்வையாளர் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடுவதை நான் ஏற்கமாட்டேன். மனிதர் அருகே நிற்கும் சிம்பன்சியின் படத்தைப் பார்த்தவர்களுக்கு, அதை வளர்க்கலாம் என்ற எண்ணம் கூடியதாக 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆமைக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். கண்ணாடிக்குள் முள்காடும் காய்ந்த புல்லும், பக்கத்தில் டேப்போடு திறந்து கிடக்கும் ஒரு சூட்கேஸும் இருந்தால், கதையைச் சொல்ல அதுவே போதும்.

நம் ஊர்க் காட்சிக்கூடத்தின் பலகையில் இன்னொரு வரியும் வேண்டும்: அதிர்ஷ்டம் என்று நம்பி நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.