சிலூவெட்: தமிழில் நிழலுரு

மாசி, பங்குனி மாதங்களில் ஜவ்வாது மலைச் சரிவுகளில் ஒதிய மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அவற்றைப் பட்ட மரம் என்று சொல்லக் கூடாது. உள்ளே உயிர் ஓடுகிறது, மழைக்குத் துளிர்க்கும். அந்தி வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கும்போது பட்டையின் நிறமும் முண்டுமுடிச்சும் மறைந்து, கிளைகளின் வளைவு மட்டும் கறுப்பாக நிற்கும். அமிர்தி, ஜமுனாமரத்தூர் பக்கம் கேமராவோடு போகிறவர்கள் இந்தக் காட்சியை விடமாட்டார்கள். இப்படி எடுத்த படத்துக்கு அவர்களிடம் வழங்கும் பெயர் 'சில்அவுட்'. வேலூர்க் கல்யாண ஆல்பங்களிலும் அதே பெயர்தான்.

பிரெஞ்சில் இது 'சிலூவெட்'. பின்னாலிருந்து ஒளி வர, உள்விவரம் ஏதும் தெரியாமல், விளிம்பும் ஒரே கருமையுமாகத் தெரியும் உருவம் என்பது பொருள்.

சொல்லின் வேர் ஓவியத்தில் இல்லை, ஒரு மனிதரின் பெயரில் இருக்கிறது. எத்தியேன் த சிலூவெட் 1759 மார்ச் முதல் நவம்பர் வரை பிரான்சின் நிதிப் பொறுப்பை வகித்தவர். போர்ச்செலவால் கஜானா வற்றியிருந்த காலம். செல்வர்கள் மீதும் வரி போட்டார், சிக்கனம் பேசினார், சில மாதங்களிலேயே பதவி இழந்தார். மலிவான, அரைகுறையான பொருள்களுக்கெல்லாம் அவர் பெயரைச் சூட்டிக் கேலி செய்தார்கள். வண்ண ஓவியத்துக்குக் காசில்லாதவர்கள் கறுப்புத் தாளில் வெட்டிக்கொண்ட பக்கவாட்டு முகப்படங்களுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவரே பொழுதுபோக்காக அத்தகைய படங்களை வெட்டினார் என்று சொல்வோரும் உண்டு. குடும்பப் பெயரோ பாஸ்க் மொழியிலிருந்து வந்தது. குழிகள் மிகுந்த இடம் என்று பொருள்.

மலிவுக்குப் பேர்போன இந்த உத்தி எவ்வளவு ஆழம் போகும் என்பதை ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் காட்டினார். அவருடைய 'காக்கை மரம்' ஓவியம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1822-ஐ ஒட்டி வரைந்தது. இலை அநேகமாக உதிர்ந்துபோன ஒரு கருவாலி (ஓக்) மரம், மஞ்சளும் நீலமும் கலந்த அந்தி வானத்தின் முன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் காக்கைகள். ஃப்ரீட்ரிக் 1774-இல் பால்டிக் கடலோர கிரைஃப்ஸ்வால்ட் ஊரில், மெழுகுவர்த்தி செய்பவரின் மகனாகப் பிறந்தார். ஏழு வயது நிறையுமுன் தாய் இறந்தார். 1787-இல் தம்பி நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ணால் பார்த்தார். பனிக்கட்டி உடைந்து விழுந்த இவரைக் காப்பாற்றப் போய்த்தான் தம்பி இறந்தான் என்றும் சொல்லப்படுகிறது. கோபன்ஹேகனில் பயின்று, 1798 முதல் டிரெஸ்டனில் வாழ்ந்தார். துக்கம் மட்டுமே அந்த மரத்தை வரைந்தது என்று நான் சொல்லமாட்டேன். கருமைக்குப் பின்னால் அவர் வைத்திருக்கும் வானம் அத்தனை வெளிச்சமானது.

தமிழில் இதற்கு 'நிழலுரு' என்ற சொல் வழங்குகிறது. இதை மறுப்பவர்கள், தெரிவது மரத்தின் நிழல் இல்லையே, மரமேதானே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் நிழல் என்பது தரையில் விழும் இருட்டு மட்டும் இல்லை. நீரிலும் கண்ணாடியிலும் தெரியும் உருவமும் நிழல்தான். செத்துப்போனவர் முகம் கண்ணில் நிழலாடுகிறது என்கிறோம். பழைய இலக்கியத்தில் ஒளி என்ற பொருளிலும் நிழல் வருகிறது. கருமையும் ஒளியும் சேர்ந்தே பிறக்கும் ஓர் உருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

'புனையா ஓவியம்' என்ற அழகான தொடரை இங்கே கொண்டுவர விரும்புவோரும் இருக்கிறார்கள். நெடுநல்வாடையில், அணிகளைக் களைந்து தலைவனைப் பிரிந்திருக்கும் அரசி அப்படித்தான் காட்டப்படுகிறாள். மணிமேகலையிலும் அது வருகிறது. இலையில்லாத மரத்துக்கு மனம் உடனே அதைத்தான் தேடும். ஆனால் அது வண்ணம் தீட்டாத கோட்டோவியம். கோட்டுக்குள் வெறுமை இருக்கும்; நிழலுருவில் உள்ளே முழுக்கக் கருமை. இரண்டையும் கலந்தால் இரண்டு சொல்லும் கெடும்.

'நிழற்படம்' வேண்டாம், அது ஏற்கெனவே போட்டோவுக்கு வழங்குகிறது. வரைந்தால் நிழலுரு ஓவியம், எடுத்தால் நிழலுருப் படம், தாளில் வெட்டினால் நிழலுரு வெட்டு.