சுருள் எழுத்துக்கு எங்கே இடம் கொடுப்பது?

சிங்கப்பூரின் தேக்காவில் அழைப்பிதழும் கடைப்பலகையும் வடிவமைத்துத் தரும் என்னிடம், தீபாவளி நெருங்கினால் பலர் ஒரே கோரிக்கையோடு வருவார்கள். "அந்தச் சுருள் எழுத்தில் போட்டுக் கொடுங்கள்." பெயர் தெரியாது, பார்த்தால் அடையாளம் சொல்வார்கள். அதுதான் கர்ல்ஸ் (Curlz) என்ற ஆங்கில எழுத்துரு. கார்ல் கிராஸ்கிரோவ், ஸ்டீவ் மேட்டசன் இருவரும் 1995இல் வரைந்தது. மைக்ரோசாஃப்ட் ஆபிஸோடு சேர்ந்தே வந்ததால், யாரும் தேடிப் போகாமலே வீடு வீடாகப் பரவிவிட்டது.

டைம்ஸ் நியூ ரோமன் போன்ற எழுத்துகளில் கோடு முடியும் இடத்தில் சிறு நீட்டல் இருக்கும். அதைச் செரிஃப் என்பார்கள். கர்ல்ஸில் அந்த நீட்டல் அடங்கி நிற்பதில்லை, ஜாங்கிரி பிழிந்ததுபோல் சுருண்டுகொள்ளும். வடிவமைப்பாளர்கள் பலர் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலர் பள்ளி விழா, பிறந்தநாள், கேக் கடை என்றால் இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாகப் போட்டுப் பாருங்கள், முகம் மலரும்.

சிறிதாக்கினால்தான் வம்பு. சுருளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் மையால் அடைபட்டுப்போகும். தடித்த எழுத்துக்கு இதில் தனி வடிவம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் மென்பொருள் கோட்டைச் செயற்கையாகப் பருமனாக்கும், அடைப்பு இன்னும் மோசமாகும். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி அருகே மூத்தோருக்கான இலவசக் கண் பரிசோதனை அறிவிப்பை முழுக்க முழுக்க இந்த எழுத்தில் கண்டேன். அதைப் படிக்க முடிந்தவருக்குப் பரிசோதனையே தேவைப்படாது! தேதி, நேரம், மாடி எண், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சாதாரண எழுத்தில்தான் போட வேண்டும்.

தமிழுக்கு வரும்போது சிக்கல் வேறு. கர்ல்ஸில் தமிழ் எழுத்துகளே இல்லை. தட்டச்சு செய்தால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவை இட்டு நிரப்பும். ஆங்கிலத் தலைப்பு ஆடிப்பாட, தமிழ்த் தலைப்பு அலுவலகக் கடிதம்போல் விறைத்து நிற்கும். உடனே, "தமிழையும் சுருட்டிவிடுங்கள்" என்பார்கள். நான் மறுத்துவிடுவேன். ஆங்கிலத்தில் சுருள் வெறும் அலங்காரம். நமக்கோ சுழிதான் எழுத்து. இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' என்று எண்ணிப் படித்தவர்கள் நாம். 'கி'யையும் 'கீ'யையும் பிரிப்பதும் மேலே உள்ள ஒரு சுழிதான். அழகுக்காக ஒன்றைக் கூட்டினால் மனம் மணமாகிவிடும். ஆகவே தமிழுக்கு உருண்டு திரண்ட, கனமான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, நிறத்தாலும் அளவாலும் ஆங்கிலச் சுருளோடு இணைக்கிறேன்.

நான்கு மொழிகளில் அச்சாகும் தாள்கள் பெரும்பாலும் தமிழ் தெரியாத கைகளைக் கடந்துதான் அச்சகம் போகின்றன. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' தேர்வு செய்யப்படவில்லையென்றால், 'பெ'யின் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். வடிவமைத்தவர் கண்ணுக்கு அதுவும் ஓர் அலங்காரமாகவே தெரியும். அதனால் அச்சுக்காக எழுத்துகளை உருவக் கோடுகளாக, அதாவது வெறும் வரைவடிவங்களாக, மாற்றுவதற்கு முன்பே தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் தாளைக் காட்டிவிடுங்கள். மாற்றிய பிறகு அதை எழுத்தாகத் திருத்த முடியாது, அந்த வரியை மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.